ஊர்வலத்தின் கடைசி ஆள்

தொலைபேசி அடித்தபோது என் இரண்டு கைகளிலும் மீன் செதில் ஒட்டியிருந்தது. அவசரமென்றால் மறுபடி எடுப்பார்கள் என்று விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. முழங்கையால் அழுத்திவிட்டுக் காதைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன். ஜெசீமா டீச்சர் கதைத்தார். நானும் அவரும் கல்முனைக்குடியில் ஒரே பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்தவர்கள்.

“டீச்சர், சித்திர சேர் மவுத்தாப் போயிட்டார்.”

“எந்தச் சித்திர சேர்?” என்று கேட்டேன்.

எங்கள் இருவருக்கும் தெரிந்த சித்திர சேர் ஒருவர்தான். அப்படிக் கேட்டால் வேறொருவர் எங்கிருந்தாவது வந்து, செய்தி அவரைப் பற்றியதாகிவிடும் என்று என் வாய் நம்பிவிட்டது போலும். இன்னாலில்லாஹ் சொல்லிக்கொண்டு குசினி வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார் ஜெசீமா. மீனை மகளிடம் விட்டுவிட்டு நிந்தவூர்ச் சந்தியில் பஸ் ஏறினேன். அந்த பஸ் காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் கண்ட கண்ட இடமெல்லாம் நிற்கும். நடத்துநரோடு நான் வாக்குவாதப்படாத நாளில்லை. அன்று அது எத்தனை இடத்தில் நின்றும் எனக்குக் கோபம் வரவில்லை. மெதுவாகப் போனால் போகட்டும் என்றிருந்தது.

ஆதம்லெவ்வை சேரை அறிந்தவர்கள் இதை வாசிக்கும்போது, “நாம அறியாத எதை இவ சொல்லப்போறா” என்று கேட்பார்கள். அறியாதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் எங்கள் பாடசாலையின் சித்திர ஆசிரியர். சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய இடது கால் மெலிந்து குட்டையாகிப் போயிருந்தது. ஊன்றுகோல் பிடிக்க மாட்டார். ஒவ்வோர் அடிக்கும் இடுப்பைச் சற்றே வளைத்து, அந்தக் காலை வீசி வைத்து நடப்பார். ஆகவே எங்கே யாரோடு போனாலும் அவர் பின்தங்கிவிடுவார். நின்று காத்திருந்தால் அவருக்குப் பிடிக்காது. “நீங்க போங்க, நான் பின்னால வாறன்” என்பார். அந்த வசனத்தை அவர் வாயிலிருந்து கேட்காத ஆள் எங்கள் பாடசாலையில் இல்லை.

நான் அங்கே மாற்றலாகி வந்த வருடம், பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி நடந்தது. அணிநடையில் ஒவ்வோர் இல்லத்துக்கும் முன்னால் கொடி, அடுத்துப் பிள்ளைகள், கடைசியில் பொறுப்பாசிரியர்கள். நானும் அவரும் ஒரே இல்லம். எனக்கோ கால் தரையில் படாத நடை. பேண்ட் வாத்தியம் தொடங்கியதும் என்னையறியாமல் பிள்ளைகளையெல்லாம் கடந்து, கொடி பிடித்தவனையும் தாண்டி, அதிதிகளின் மேடைக்கு முன்னால் தனியாகப் போய் நின்றுவிட்டேன். மைதானமே சிரித்தது. திரும்பிப் பார்த்தால், எங்கள் இல்லம் முழுவதும் வந்து சேர்ந்த பிறகும் மைதானத்தின் நடுவில் ஒருவர் மட்டும் காலை வீசி வீசி வந்துகொண்டிருந்தார். பேண்ட் பொறுப்பாசிரியர் அவர் வந்து சேரும்வரை வாத்தியத்தை நிறுத்தவில்லை. அது அங்கே வருடாவருடம் நடக்கும் வழக்கமாம். பிள்ளைகளும் அந்தத் தாளத்துக்கே கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “டீச்சர், நீங்க கொடியையும் முந்திட்டீங்க. நான் பேண்டுக்காரங்களையும் காக்க வெச்சிட்டன். நம்ம ரெண்டு பேரையும் கூட்டிப் பிரிச்சா ஒரு ஒழுங்கான ஆள் வரும்.”

அன்றிலிருந்து நாங்கள் சினேகிதர்கள். நான் தமிழ் படிப்பித்தேன்; அவர் சித்திரம். ஆசிரியர் ஓய்வறையில் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் ஏசுவேன், அவர் சிரிப்பார். இது ஓய்வுபெறும்வரை மாறவில்லை.

ஊரில் எந்த ஊர்வலம் போனாலும் அவர் அதன் வாலில் இருப்பார். மீலாத் ஊர்வலம், மாப்பிள்ளை ஊர்வலம், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை வழியனுப்பும் கூட்டம், கடற்கரைப் பள்ளிவாசலுக்குக் கொடி எடுத்துச் செல்லும் ஊர்வலம், எல்லாவற்றிலும் கடைசி ஆள் அவர்தான். கையில் ஒரு தாள் இருக்கும். நடக்க நடக்கக் கிறுக்குவார். தான் பிறப்பதற்கு முன் போன ஊர்வலங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. வயதானவர்களைத் தேடிப்போய், அந்தக் காலத்தில் கொடி எப்படிப் போனது என்று கேட்பார். கேட்கும் விதம்தான் விசித்திரம். முன்னால் யார் போனார் என்று கேட்க மாட்டார். “அவருக்குப் பின்னால யாரு? அவருக்குப் பின்னால? மறுகா?” என்று கடைசி ஆள்வரைக்கும் கேட்டுக்கொண்டே போவார். சொல்கிறவர் களைத்துப்போய் வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொள்வார்.

ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். சாய்ந்தமருதில் ஒரு பெரியவர். சிறுவயதில் அவருக்கு நடந்த சுன்னத்துக் கலியாண ஊர்வலம் ஊரே பேசிய ஊர்வலமாம். றபான் அடித்துக்கொண்டு பக்கீர்மார், வெண்குடை, சாம்பிராணிப் புகை, வழிநெடுகப் பெண்களின் குரவை. இவரை யானைமேல் ஏற்றிக் கொண்டுபோனார்கள் என்று அடித்துச் சொன்னார். அவருடைய மூத்த ராத்தா அறைக்குள்ளிருந்து சத்தம் போட்டார்: “யானையுமில்ல பூனையுமில்ல. அது கரத்தை மாடு. கொம்புக்குப் பூச் சுத்தி, முதுகில சீலை விரிச்சிரிந்த.”

“நான்தானே அதுக்கு மேல இரிந்தன்? எனக்குத் தெரியாதா?” என்றார் பெரியவர்.

“நீ எங்க கண்ணத் திறந்தா? பள்ளியடிவரைக்கும் கண்ண மூடிக்கிட்டுக் கத்தினா!”

வெளியே வந்ததும் நான் சிரித்துச் சிரித்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேர் சிரிக்கவில்லை. “பயந்த புள்ளைக்கு மாடும் யானைதான் டீச்சர். ரெண்டையும் வரையணும்” என்றார். அப்படித்தான் பிறகு வரைந்தார். பின்னாலிருந்து பார்த்தால் சீலை போர்த்திய ஒரு பெரிய உருவம். கொம்பு தெரியாது, தும்பிக்கையும் தெரியாது. பெரியவர் யானை என்றார். ராத்தா மாடு என்றார். இருவரும் சேருக்கு நன்றி சொன்னார்கள்.

ஆனால் அது பின்னாலிருந்து பார்த்த படமானதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாடசாலையின் ஆண்டு விழா வந்தது. வீதியோரமாக இருந்த எங்கள் நீண்ட மதிலில் ஏதாவது வரைந்து தரும்படி சேரிடம் பாடசாலை அதிபர் கேட்டார். ஊரின் ஊர்வலங்கள் எல்லாவற்றையும் ஒரே ஊர்வலமாக வரைகிறேன் என்றார் சேர். வாழ்நாள் முழுக்க அவர் அந்த மதிலுக்காகத்தான் காத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாடசாலை முடிந்து எல்லோரும் போன பிறகு முக்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தார். கரியால் ஆட்களை வரைந்தார். மதிலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஊர் எழும்பி நடந்து வந்தது. கண், மூக்கு, தாடி, சிரிப்பு எல்லாம் இருந்தன. வர்ணம் பூசவேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் வந்தார். ஹாட்வெயார் கடை வைத்திருந்தவர், எல்லோருக்கும் ஹாஜியார். மதிலுக்குப் பெயின்ட் இனாமாகத் தந்தவரும் அவர்தான். மனுசர் கோபக்காரரல்ல. ஆனால் வரும்போது ஒரு கூலியாளையும் வெள்ளைச் சுண்ணாம்பு வாளியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“சேர், நான் உங்களோட சண்டைக்கு வரல்ல. மதிலுக்கு அந்தப் பக்கம் புள்ளைகள் தொழுற இடம். இந்தப் பக்கம் இத்தனை முகம் கண்ணும் மூக்குமா நிண்டா சரியா வருமா? முகமுள்ள உருவத்துக்குப் பக்கத்தில தொழலாமா எண்டு நாலு பேர் என்னட்ட வந்து கேக்காங்க.”

“என்ன செய்யச் சொல்றீங்க ஹாஜியார்?”

“வெள்ளையடிச்சிருவம். பூவும் இலையும் வரைங்க. வடிவா இரிக்கும்.”

சேர் ஒரு கிழமை தவணை கேட்டார். ஹாஜியார் சம்மதித்தார். வாளியை மதிலோரம் வைத்துவிட்டுப் போனார். ஓய்வறைக்கு வந்த சேர் தேநீரைக் கையில் எடுத்துக் குடிக்காமலே வைத்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சண்டை பிடியுங்கள் சேர், நாங்கள் எல்லோரும் வருகிறோம் என்று மேசையில் தட்டினேன்.

“ஹாஜியார் சொல்றதிலயும் நியாயம் இரிக்கி டீச்சர்” என்றார். “தொழுற புள்ளைட மனசு கலையக் கூடாதுதான். ஆனா ஊரையும் அழிக்க ஏலா. வெள்ளையடிச்சாங்கண்டா நான் பென்சன் எடுத்திட்டு வீட்ட இரிந்திருவன். இதுக்குப் பிறகு எனக்கு வரைய ஒண்டுமில்ல.”

சேர் அப்படிக் கதைத்து நான் கேட்டதேயில்லை. அன்று பாடசாலை விட்டு நாங்கள் எல்லோரும் வாசலால் வெளியேறினோம். வழக்கம்போல் அவர் பின்னால். பிள்ளைகள் புத்தகப் பையோடு அவரைக் கடந்து ஓடினார்கள். நான் பஸ்ஸைப் பிடிக்க அரை ஓட்டமாகப் போனேன். மறுநாள் காலை அவர் என் மேசைக்கு வந்து, களவெடுத்த பிள்ளைபோல் சிரித்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், எனக்கு முகம் வரையவே தெரியாது.”

“என்ன சேர் கதைக்கிறீங்க?”

“நான் சின்னதிலருந்து எந்த ஊர்வலத்தில ஆரிட முகத்தைக் கண்ட? எல்லாரும் எனக்கு முன்னால போயிட்டாங்க. நான் கண்டதெல்லாம் முதுகுதான். கண்டதை வரையாம, காணாததை என்னத்துக்கு வரைஞ்சன்?”

அந்தக் கிழமை அவர் ஊரைத் திருப்பினார். ஒவ்வொருவராக முகத்தை அழித்து முதுகாக்கினார். பக்கீர்மாரின் பச்சைத் தலைப்பாகைகளுக்குப் பின்னால் தொங்கும் துணி, குடை பிடித்தவரின் தூக்கிய தோள், ஒரு பக்கம் சரிந்த தொப்பி, வெடித்த குதிகால்கள், வேர்வையில் முதுகோடு ஒட்டிய சேட்டு. எல்லோரும் பள்ளிவாசலும் மையவாடி என்ற அடக்க நிலமும் இருக்கும் திசையை நோக்கி நடந்தார்கள். அவர்கள் நம்மைப் பார்க்க வருகிறவர்களாக இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது. நம்மை விட்டுப் போகிறவர்களானபோது, நாமும் கூடப் போகவேண்டும்போல் இருந்தது.

தவணை முடிந்து ஹாஜியார் வந்தார். கூலியாளும் வந்தார். நான் வகுப்பை விட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் நின்றேன். ஹாஜியார் மதிலின் வாலிலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தார். கொடி எடுத்துப் போகிறவர்களின் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இது வாப்பா இல்லையா?”

“ஆரெண்டு நான் சொல்ல மாட்டன் ஹாஜியார்.”

“வாப்பாதான். சாரனை இப்படி ஒரு பக்கம் தூக்கிப் புடிச்சிட்டுத்தான் நடப்பார். உம்மா ஏசுவா, கரண்டைக்கு மேலே ஏத்தாதீங்க எண்டு.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பிக் கூலியாளிடம் சொன்னார்: “வாளியக் கடைக்குக் கொண்டு போங்க.”

அதன்பிறகு மழையில் பெயின்ட் உரிந்தால் முதலில் கண்டுபிடிக்கிறவர் ஹாஜியார்தான். கடையிலிருந்து டின்னை எடுத்துக்கொண்டு அவரே வருவார். நான் அவரை வைத்து எவ்வளவோ பகிடி பண்ணியிருக்கிறேன், அவரும் பொறுத்துக்கொண்டார்.

மதில் முடிந்ததும் ஊர் தன் முதுகைத் தேடி வரத் தொடங்கியது. சர்பத் குவளை ஏந்திய ஒரு முதுகுக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கோரின. எங்கட வாப்பா உதுமாலெவ்வைதான் கொடிக்கு வருடாவருடம் சர்பத் கொடுத்தவர் என்று ஒரு வீட்டார் வந்தார்கள். கல்முனையிலிருந்து கணபதிப்பிள்ளை என்பவரின் மகன் சைக்கிளில் வந்து, அது எங்கட அப்பா, தேத்தண்ணிக் கடை வாசலில் அண்டாவோடு நின்று கொடுத்தவர் அவர்தான் என்றார். இரு பகுதியாரும் சேரைப் பிடித்தார்கள். சேர் முக்காலியில் உட்கார்ந்து தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “ரெண்டு பேரும் குடுத்ததுதான். நான் ரெண்டு பேரிட கையாலயும் குடிச்சிரிக்கன். முதுகு ஒண்டுதான் வரைய இடமிருந்த. பங்கு வெச்சிக்கங்க.” அவர்கள் பங்கு வைத்துக்கொண்டார்கள். கொடிக் காலம் வந்தால் இரண்டு வீட்டாரும் அந்த மதிலடியில் நின்று கதைத்துக்கொண்டிருப்பதை நானே கண்டிருக்கிறேன்.

மற்றொருவரை மறக்க முடியாது. மீன் வியாபாரி ஒருவரின் மனைவி. கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் கணவரையும் வீட்டையும் இழந்தவர். கலியாணப் படம், அடையாள அட்டை, ஒன்றும் மிஞ்சவில்லை. மதிலின் நடுப்பகுதியில், தோளில் துவாய் போட்ட ஒருவருக்கு முன்னால் நின்றார். இது எங்கட மனிசன் என்றார். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சேரிடம் கேட்டார்:

“ஒருக்காத் திரும்பிப் பாக்கச் சொல்லுங்களன் சேர்.”

சேர் தன் முக்காலியை எடுத்து அவருக்கு உட்காரப் போட்டுக்கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். அந்தக் காலோடு அவர் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் எழும்பும்வரை நின்றார். பிறகு என்னிடம் சொன்னார்: “நல்ல காலம் டீச்சர், முகத்தை அழிச்சது. நான் வரையிற முகம் அவவிட மனசில இரிக்கிற முகமா இரிக்காது. பாத்த உடனே, இது அவரில்ல எண்டு போயிரிப்பா.” அந்தப் பெண் அதன்பிறகு அடிக்கடி வருவார். யாரோடும் கதைக்க மாட்டார். கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போவார்.

எனக்கும் ஒரு முறைப்பாடு இருந்தது. இந்த முழு மதிலிலும் ஒரு பெண்ணாவது உண்டா என்று கேட்டேன். குரவை போட்டுப் போட்டுத் தொண்டை கிழிந்தது எங்களுக்கு; மதிலில் இடம் மட்டும் ஆண்களுக்கா?

“நீங்கெல்லாம் எங்க நிண்டு பாக்கிற டீச்சர்?” என்றார்.

“வீட்டு வாசல் கடப்படியில. வேற எங்க விட்டாங்க?”

“ஊர்வலம் கடந்து போன பிறகு கடப்படியில நிக்கிற ஆளுக்கு என்ன தெரியும்?”

முதுகுகள்தான் தெரியும். “நீங்க கண்டதும் நான் கண்டதும் ஒண்டுதான். இது உங்கட படமும்தான்” என்றார். அந்தப் பதிலோடு நான் முழுக்கச் சமாதானமாகவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அதை அவரிடமும் சொன்னேன். “ஓம், நீங்க சமாதானமானா எனக்குப் பயமா இரிக்கும்” என்று சிரித்தார்.

மதிலின் வாலில், கடைசி ஆளுக்குப் பிறகு, ஓர் ஆள் அளவுக்கு வெறும் சுவர் விட்டிருந்தார். நீலப் பின்னணி மட்டும் பூசியிருந்தது. அந்த இடம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்போம்.

“நீங்க எங்க சேர் இதில?”

“நான் இன்னும் வந்து சேரல்ல. பின்னால வாறன்.”

ஓய்வுபெற்ற நாளில் அவரை மாலையிட்டு, பேண்ட் வாத்தியத்தோடு வீடுவரை அழைத்துப்போக ஏற்பாடு செய்தோம். முன்னால் வாருங்கள் என்று அதிபர் கெஞ்சினார். ஹாஜியார் கையைப் பிடித்து இழுத்தார். சேர் அசையவில்லை. “வாழ்நாளில பழகாததை இண்டைக்குப் பழகச் சொல்றீங்களா? நீங்க போங்க.” ஆகவே முன்னால் பேண்ட், அதிபர், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி, நாங்கள், பிள்ளைகள், எல்லோருக்கும் பின்னால் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சேர். சந்தியில் நின்ற பழக்கடைக்காரர் அந்த அதிகாரியைக் கட்டிப்பிடித்து, “இனி நல்லா ஓய்வெடுங்க சேர், ஊருக்குச் செய்தது போதும்” என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்துவிட்டார். அதிகாரிக்கு ஓய்வுபெற இன்னும் நெடுங்காலம் இருந்தது. அந்தப் பழத்தை அவர் தன் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். எங்களில் யாருக்கும் ஒன்றும் தரவில்லை.

பிறகு சேருக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்தது. நல்ல கால் என்று நாங்கள் நினைத்திருந்த வலது காலையே அது பிடித்துக்கொண்டது. போன நோன்புக்கு முன்பு பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருடைய மனைவி சுபைதா ராத்தா இஞ்சித் தேநீர் கொண்டுவந்தார். மதில் எப்படி இருக்கிறது என்று சேர் கேட்டார். ஹாஜியாரின் வாப்பாவுக்குச் சாரன் கொஞ்சம் வெளிறிவிட்டது என்றேன். “ஹாஜியார்ட்டச் சொல்லுங்க, நீலத்தில கொஞ்சம் கறுப்புச் சேக்கணும். அவர் வெறும் நீலத்தை அப்பிருவார்” என்றார். கடைசி இடத்தில் உங்களை யாராவது வரையட்டுமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எழும்பினேன். வாசல்வரை வந்து வழியனுப்பும் பழக்கம் அவருக்கு. கட்டிலில் இருந்தபடியே, “நீங்க போங்க டீச்சர், நான் பின்னால வாறன்” என்றார். சொன்ன பிறகுதான் தன்னால் எழும்ப முடியாது என்பது நினைவுக்கு வந்தது. சுபைதா ராத்தா சிரித்தார், அவரும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, பஸ்ஸில் அழுதேன்.

ஜெசீமா செய்தி சொன்ன அன்று நான் அவருடைய வீட்டுக்குப் போனபோது குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியிருந்தார்கள். நான் முகம் பார்க்கவில்லை; அந்நியப் பெண்களுக்கு அது முறையல்ல. சுபைதா ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தேன். பிறகு ஜெசீமாவிடம், “வாங்க, மதிலடிக்குப் போவம்” என்றேன். மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ஆனால் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு பாடசாலையைக் கடந்துதான் போகவேண்டும்.

பாடசாலை வாசலில் டீச்சர்மார் நின்றார்கள். பிள்ளைகளை எதிர்ப்பக்க வீதியோரம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வெறுமையாயிருந்த அந்தக் கடைசி இடத்தைப் பற்றித்தான் கதை. இப்போதைய சித்திர டீச்சர் நல்ல பிள்ளை. தான் வரைந்துவிடட்டுமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். சேரின் முதுகைத் தனக்குத் தெரியாதே என்றும் கவலைப்பட்டார். எங்கள் ஒருவருக்குமே தெரியாது. நாங்கள் எல்லோரும் எப்போதும் அவருக்கு முன்னால்தானே நடந்தோம். நான் பதில் சொல்லுமுன் வீதியில் சத்தம் அடங்கியது.

சேரைச் சுமந்த சந்தாக்கு வந்தது. தோளுக்குத் தோள் மாறி மாறி வந்தது. ஹாஜியாருக்கு இப்போது நடையே தள்ளாட்டம். அவரும் ஒரு பக்கம் கொஞ்சதூரம் தோள் கொடுத்தார். ஜனாஸாவை வேகமாகக் கொண்டுபோவது எங்கள் முறை. அவ்வளவு வேகமாக ஆதம்லெவ்வை சேர் ஒருநாளும் போனதில்லை. மதிலின் வாலில் அந்த வெறும் இடத்தைத் தொட்டதுபோல் வந்து, நிற்காமல் அதைக் கடந்தார். துவாய் போட்ட மீன் வியாபாரியைக் கடந்தார். சர்பத் கொடுத்தவரை, யானையா மாடா என்று தெரியாததை, குடையை, பக்கீர்மாரை ஒவ்வொருவராகக் கடந்தார். வரைந்து வைத்த ஊர் முழுவதும் அதே திசையில் நடந்துகொண்டிருக்க, அவர் எல்லோரையும் முந்திக்கொண்டு போனார். கொடியையும் தாண்டினார். மதில் முடிந்தது. மதிலுக்கு அப்பால் எல்லோருக்கும் முன்னால் அவர் ஒருவர்தான்.

பின்னால் போன ஆண்களின் முதுகுகள் வளைவில் மறையும்வரை நின்றோம். வாசலில் நின்ற எங்களுக்கு முதுகுகள்தான் தெரிந்தன. மதிலில் இருந்ததும் வீதியில் போனதும் ஒன்றாகவே இருந்தன. ஜெசீமா விம்மினார். அந்த இடத்தை வரைய வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சித்திர டீச்சரிடம் சொன்னேன். அவர் வந்து சேர்ந்துவிட்டார், கடந்தும் போய்விட்டார். அந்த இடம் இனி எங்களுக்கு.

சேர், நெடுங்காலம் நீங்கள் எங்களுக்குச் சொன்னதை இப்போது நாங்கள் உங்களுக்குச் சொல்கிறோம். கொடியை முந்தியவள் என்று என்னைப் பார்த்துச் சிரித்தீர்களே, எனக்கும் இதுதான் சொல்ல இருக்கிறது.

நீங்க போங்க சேர். நாங்க பின்னால வாறம்.